தனிநிலை

பத்தொன்பது வருடமாய் நான் அதை வெட்டுகிறேன்.
ஃபோனைப் போனாக்கி
ஃபேக்டரியைத் தொழிற்சாலையாக்கி
ஃபெர்னாண்டோவைப் பெர்னாண்டோவாக்கி
சிவப்புப் பேனையால் ஒரு கோடு,
ஓரத்தில் ஒரு சுழி.
எங்கள் பத்திரிகையின் நடை அது.
கடைசிப் பக்கம் இறங்கிய ஓர் இரவில்
என் மேசைக்கடியில் இதுவரை
எத்தனை ஃ விழுந்து கிடக்குமென்று யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு
ஸ்ரான்லி வீதியில், போன் திருத்தும் கடைக்கு மேல்மாடியில்
இடது காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பச்சை குத்துகிற பெடியனுக்குப் பெயர் யதுர்ஷன்.
அவன் கையில் ஒரு கப்பல், ஒரு நங்கூரம்,
யாரோ ஒருத்தியின் பெயர்,
அதை மூடி ஒரு ரோசாப்பூ.
"மூண்டு பொட்டுத்தானே அக்கா,
இதுக்கு ஊசி எடுக்கவே வெக்கமாக் கிடக்கு.
ஒரு வண்ணாத்துப்பூச்சியும் சேர்த்துப் போடுவமோ?"
"வேண்டாம் தம்பி. கீழ் ரெண்டும்
ஒரே மட்டத்தில வரவேணும்."
அடிமட்டம் கொண்டு போயிருந்தேன்.

இரண்டாவது பொட்டில் கரண்ட் நின்றது.
மூன்றாவது, மேல்பொட்டு,
கணு எலும்பின் உச்சியில்.
அந்த வலி காலில் இல்லை,
பல்லில் கேட்டது.

அவன் சொன்ன பத்தியம்:
மூன்று கிழமைக்குக் கடலில் இறங்கக் கூடாது,
வெயில் கூடாது, சொறியக் கூடாது,
மஞ்சள் கிஞ்சள் பூசக் கூடாது.
எங்கள் வீட்டு வேலியிலிருந்து கடல் நாற்பது அடி.
பாசையூரில் காற்றே பாதி உப்பு.
கிணற்றடியில் ஒற்றைக் காலை
கவிழ்த்த வாளியில் தூக்கி வைத்துக் குளித்தேன்.

நாலாம் நாள் பொருக்குக் கட்டியது.
ஐந்தாம் நாளிலிருந்து கடி, தாங்கேலாத கடி.
மேசைக்கடியில் வலது குதிகால்
தானாய்த் தேடிக்கொண்டு போகும்.
அந்தக் கிழமை இரண்டு மரண அறிவித்தலில்
வயதைக் கோட்டைவிட்டேன்.

பக்கத்து வீட்டு எமில்தாஸ் அண்ணை குனிந்து பார்த்தார்:
"திருக்கை அடிச்சதோ பிள்ளை?
சுடுதண்ணியில வையும்."
மச்சாள் ஒவ்வொன்றாய்த் தொடாமல் எண்ணினாள்,
பிதா, சுதன், பரிசுத்த ஆவி.
அதைக் காலிலா போடுவது என்று
இரண்டு நாள் கதைக்கவில்லை.
உதவி ஆசிரியர் கிருபைராசா மட்டும் சரியாக வாசித்தார்:
"ஆயுத எழுத்து.
எல்லாரும் கையளிச்சு முடிஞ்ச பிறகு
நீர் ஒண்டை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்."
ஒருவரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்துச் சிரித்தோம்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இலக்கணம் சொல்லியிருப்பேன்:
முன்னால் ஒரு குறில் வேண்டும்,
பின்னால் ஒரு வல்லினம்,
நடுவில்தான் அதற்கு மூச்சு.
ஆனாலும் பெயர் தனிநிலை.
எங்கள் வீட்டில் முன்னறை அண்ணன் குடும்பம்,
பின்னறை அம்மாவின் இருமல்,
நடுவறைக்குக் கதவில்லை, ஒரு சீலைத்துண்டு.
வயது நாற்பத்திரண்டு.

பதினோராம் நாள்
செருப்பு வாரோடு மேல்பொட்டுப் போய்விட்டது.
இரத்தமில்லை.
பொருக்கின் அடிப்புறத்தில் என் மை
கறுப்பாய் ஒட்டிக் கிடந்தது, மிளகுத் தோலளவு.
விரல்நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
தோலும் ஒப்பு நோக்கும் போல.

இப்போது எல்லாம் ஆறிவிட்டது.
நின்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொட்டு,
நுளம்புக் கடி என்று நினைப்பார்கள்.
"வாங்கோ அக்கா, காசு வேண்டாம்,
மேல்பொட்டை ஒருக்கால் குத்திவிடுறன்"
என்று யதுர்ஷன் எடுத்துச் சொன்னான்.
பாப்பம் என்றேன்.

நேற்று, மலர்வுக்கும் உதிர்வுக்கும் மேலே
ஒரு ஃபிலோமினாவை வெட்டாமல் விட்டேன்.
இன்று ஆசிரியரிடம் ஏச்சு.

இரவு ஒன்றரைக்கு வந்து
லைற் போடாமல் படுக்கிறேன்.
சீலைக்கு வெளியே தெருவிளக்கு.
கால் நீட்டினால் இரண்டு பொட்டும்
ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறி நிற்கின்றன:
முக்காற்புள்ளி.
அதற்குப் பிறகு ஏதாவது வரவேண்டும்.

பின்னறையில் இருமல். பிறகு,
"வந்திட்டியோ?"