தொலைந்தவர்கள்: நாற்பத்தொன்று

ஹல் நகரம். செவ்வாய், பிற்பகல் இரண்டு மணி.
மருத்துவமனையின் பழைய சலவைக்கூடத்துக்கு மேலே அறை.
எத்தனை முறை பெயின்ட் அடித்தும்
சோப்பு வாசனை போகவில்லை.
எட்டு நாற்காலி; ஒன்றுக்குக் கால் ஆடும்.
முதலில் வருகிறவர்கள் அதைத் தள்ளிவைப்பார்கள்.
கடைசியில் வரும் பேராசிரியருக்கு அதுதான் மிஞ்சும்.

எங்களுக்குப் பொதுமக்கள் குழு என்று பெயர்.
டெஸ்மண்ட் ஓல்ட்ராய்ட்: மீன் ஆலையில் இருபது வருடம்,
ஆறாம் வார்டில் பதினொரு மாதம்.
ப்ரியோனி: கல்லூரியை இரண்டு முறை தொடங்கியவள்.
திருமதி க்வில்டர்: மகனைப் பறிகொடுத்தவர்,
எந்தக் காகிதத்தையும் நாலாக மடித்தே பைக்குள் வைப்பார்.
நான் லொரெய்ன். இரவுப் பேருந்து ஓட்டினேன்.
ஒருநாள் ஓட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்,
டிப்போவைத் தாண்டி,
கடல் தெரியும் வரைக்கும்.

டாக்டர் ஃபென்விக் புதிய படிவத்தை நீட்டினார்.
கேள்வி பதினான்கு:
உங்கள் மனச்சோர்வு அன்றாட இயக்கத்தை
எந்த அளவு பாதிக்கிறது?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.

"இயக்கமா? நான் என்ன குளிர்சாதனப் பெட்டியா?"
டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றினார்.
"பல் தேய்த்தாயா என்று கேளுங்கள், டாக்டர்.
மார்ச்சிலிருந்து ஜூன் வரை தேய்க்கவில்லை நான்.
அது ஐந்தில் எது?"
சிரிப்பு எழவில்லை.
டாக்டர் எழுதினார், தலை நிமிராமல்,
பல் என்ற சொல்லை இரண்டு முறை அடிக்கோடிட்டு.

மணிக்கு இருபத்தைந்து பவுண்டு தருகிறார்கள்.
வாங்கினால் உதவித்தொகை அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும்,
சொன்னால் அவர்கள் கேட்பார்கள்,
கேட்டால் தூக்கம் போகும்.
ப்ரியோனி வாங்குவதில்லை.
இரண்டு பிஸ்கட் கூடுதலாக எடுத்துக்கொள்கிறாள்.
பிஸ்கட்டுக்கு இன்னும் படிவம் வரவில்லை.

பிறகு, போன ஆய்வின் முடிவுகள். பக்கம் ஆறு.
சேர்ந்தவர்கள்: இருநூற்றுப் பன்னிரண்டு.
முடித்தவர்கள்: நூற்று எழுபத்தொன்று.
தொடர்பிலிருந்து தொலைந்தவர்கள்: நாற்பத்தொன்று.

அந்த எண்ணின்மேல் விரலை வைத்தேன்.

"இதில் ஒன்று நான்" என்றேன்.
"தொலையவெல்லாம் இல்லை. அதே வீடு, அதே நீலக் கதவு.
உங்கள் முதல் கடிதம் வந்த வாரம்
இதே கட்டடத்தில் படுத்திருந்தேன்,
இரண்டு மாடி கீழே.
இரண்டாவது பழுப்பு உறையில் வந்தது.
அப்போது பழுப்பு உறை எதையும் திறக்கமாட்டேன்;
குளியல் தொட்டியில் போட்டுவைத்தேன்.
குளிக்காத தொட்டி. பாதி நிறைந்துவிட்டது.
மூன்றாவது, எண் மறைத்த தொலைபேசி.
எங்கள் தெருவில் எண் மறைத்துக் கூப்பிடுகிறவர்கள்
கடன்காரர்கள்."

பேராசிரியரின் நாற்காலி ஒருமுறை ஆடி நின்றது.

திருமதி க்வில்டர் தன் தாளை விரித்தார்,
முழங்காலில் வைத்து மடிப்புகளைத் தடவினார்.
"இந்த நாற்பத்தொன்றில் என் மகன் இருக்கிறானா?"

பெயர்களைச் சொல்ல அனுமதி இல்லை.
டாக்டர் அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவேண்டியவர்தான்.
வாயைத் திறந்தார், மூடினார்.
கீழே எங்கோ ஒரு தள்ளுவண்டி
தண்டவாளத்தில் போவதுபோல் போனது.
ப்ரியோனி தட்டிலிருந்த பிஸ்கட்டை
திருமதி க்வில்டர் பக்கம் நகர்த்தினாள்.

அட்டவணை அச்சாகிவிட்டது, மாற்ற முடியாதாம்.
அடுத்த ஆய்வில் பார்க்கலாம் என்றார் பேராசிரியர்.
மழையில் பேருந்துக்கு நின்றோம், நானும் டெஸ்மண்டும்.
ஓட்டுநர் சின்னப் பையன்.
திருப்பத்தில் சரியாகக் குறைத்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது.
வெள்ளை உறை. கையால் எழுதிய முகவரி,
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
கதவருகில் நின்றபடியே பிரித்தேன்.
உறையின் நிறம் விவாதிக்கப்பட்டது, என்றிருந்தது.
பதினான்காம் கேள்வி திருத்தப்படும்.
கடைசி வரியில் திருமதி க்வில்டரின் கேள்வி,
அவர் கேட்ட அதே சொற்களில்.
அதற்கு எதிரே, பதில் என்ற கட்டத்தில்,
பென்சிலை வைத்து எடுத்ததுபோல்
ஒரு புள்ளி.