பின்பக்க அச்சு

மூவாயிரம் அங்கராக்கு, எல்லாம் கறுப்பு,
முதுகில் வெள்ளை மையில் ஒரே வரி:
'பாக்கி எங்கே?'

கரட்டானோட புது ஆல்பம்.
சென்னையில் அவன் மேடையேறும் முன்னே
பெட்டி போய்ச் சேரணுமாம்.
மங்கலம் ரோட்டுச் சந்தில், தகரக் கொட்டாயில்
நான் மை இழுக்கிறேன்.
ஜுனூ எடுத்துப் போய்க் காயப்போடுகிறாள்.

கட்டிங் மாஸ்டர் போனில்
பதினோரு பாட்டும் காலையிலிருந்து.
பாட்டா, பேச்சா, சண்டையா என்று பிரிக்க முடியாத வேகம்.
என் கை அதோடு ஒட்டுக்காப் போய்விட்டது:
ஒரு இழுப்பு, ஒரு தூக்கு,
அவன் மூச்சு வாங்கும் இடத்தில்
நானும் துணி மாற்றுகிறேன்.
ஜுனூவுக்குத் தமிழ் அரைகுறை.
தலை மட்டும் சரியாக ஆடுகிறது.

மூணாவது பாட்டில் நொய்யல் வந்தது.
'ஆறு இல்லடா, அலசின பக்கெட்' என்கிறான்.
சரிதான்.
பட்டறைக்கெல்லாம் சீல் வைத்த மாசம்
பஸ் ஸ்டாண்டில் தூங்கினவன் அவன்.

அஞ்சாவது பாட்டில் டீக்கடை.
கண்ணாடி கிளாஸ் யாருக்கு, காகிதக் கிளாஸ் யாருக்கு
என்று ஊர்பேர் சொல்லிக் கேட்டான்.
மாஸ்டர் எட்டிச் சத்தத்தைக் குறைத்தார்.
ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஜுனூதான் கேட்டாள்: "பேட்டரி போச்சா?"

ஏழாவது பாட்டு அம்மாவைப் பற்றி.
சிங்கர் மிஷின் ஊசி
ஆள்காட்டி நகத்தில் ஏறி அந்தப் பக்கம் வந்ததாம்,
பையன் பனியன் வேஸ்ட்டில் கட்டுப் போட்டானாம்,
அன்றைக்கும் முக்கால் ஷிப்ட் சம்பளம்தானாம்.

மை இழுத்த கையை நிறுத்தினேன்.

அந்த விரல் இது.
பதினாலு வருசத்துக்கு முன்னால்
காந்தி நகர் கம்பெனியில் எனக்குக் கைமடி அவன்.
கரட்டான் இல்லை அப்போது, வெறும் குழந்தைவேலு.
ரத்தத்தைப் பார்த்து அவன்தான் அழுதான்.
மஞ்சள் நிற வேஸ்ட். அதைப் பாட்டில் விட்டுவிட்டான்.
அவன் அம்மா மிஷினில் உட்கார்ந்ததே இல்லை,
பல்லடத்தில் கோழிப்பண்ணைக்குப் போனவர்.

கோபமா என்றால், இல்லை.
அம்மா விரல் என்றால்தான் ஊர் அழும்.
பக்கத்து மேசைக்காரி விரலுக்கு
யார் டிக்கெட் எடுப்பார்கள்?
ஆனாலும் சாயங்காலம் வரை
மூணு பீஸ் கோணலாக விழுந்தது.

ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.
டேமேஜ் பீஸ். கேள்விக்குறி பாதிதான் பிடித்திருக்கிறது,
தூண்டில் மாதிரி தொங்குகிறது.

இன்று சனிக்கிழமை. ரெண்டு வாரக் கூலி நிலுவை.
"பார்ட்டி பணம் வரலீங்க, திங்கக்கிழமை பார்ப்போம்,"
சூப்பர்வைசர் தெய்வசிகாமணி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.
சொன்னபிறகும் வரிசை நிற்கிறது.
நான் அந்த அங்கராக்கில் நிற்கிறேன்.

எனக்குப் பின்னால் இருபத்தாறு பேர்.
முதுகை ஒருத்தர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்,
யாரோ சிரிக்கிறார்கள்,
ஜுனூ அர்த்தம் கேட்கிறாள், சொல்கிறார்கள்,
சிரிப்பு நிற்கிறது.

மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு
என் முன்பக்கம்தான் தெரியும்.
அங்கே அச்சு எதுவும் இல்லை.

இன்னும் நாலு பேர்.
அப்புறம் என் முறை.
திரும்பி நிற்கலாமா என்று பார்க்கிறேன்.