சேரம்பாடி ரேஷன் கடை

நேற்று ராத்திரி கொம்பன் ஷட்டரை நெளித்து
மூன்று மூட்டை புழுங்கலரிசியை முடித்துவிட்டுப் போனான்.
அவனிடம் யாரும் கைரேகை கேட்கவில்லை.

பவளக்கொடியிடம் கேட்கிறேன்.
கட்டைவிரல். ஆள்காட்டி. துடைத்துவிட்டு மறுபடி கட்டைவிரல்.
முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கையில்
கறை இருக்கிறது, கோடு இல்லை.
மெஷின் சிவப்பாகக் கத்துகிறது.
பிறகு டவரும் போகிறது.

சேதம் எழுத வந்த வழங்கல் அலுவலர்
நெளிந்த தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"யானை தின்றதை எதில் எழுதுவீர்?"
"இழப்பு நோட்டில், சார்."
"இந்தம்மா சாப்பிடப்போவதை?"

அதற்கு நோட்டு இல்லை.
எதிர்க்கடையில் நாற்பது பக்கம் வாங்கி
ஸ்கேல் இல்லாமல் கோடு இழுத்தேன்.
பெயர், அட்டை எண், பன்னிரண்டு கிலோ,
பக்கத்தில் அவருடைய பச்சை மை.

ஆணை எண் என்ற கட்டம் மட்டும் காலி.
ஊட்டியிலிருந்து அது வரவேண்டும்.
பவளக்கொடி அதற்குள் உலை வைத்திருப்பாள்.