பத்திலொரு பங்கு

"மகனுக்கா மிஸ்?" என்றார் தபாற்கந்தோரில்
பார்சலைக் குலுக்கிப் பார்த்தவர்.
எனக்கு, என்றேன்.
கையெழுத்து வைக்கும் இடத்தை
இரண்டு தரம் காட்டினார்.

உள்ளே ஐம்பத்தைந்து சுற்று மோட்டர்.
வேகம் வேண்டாதவர்களுக்கான மோட்டர் அது.
கல்லைக் கண்டால் நின்று
பற்சில்லில் ஒவ்வொரு பல்லாக எண்ணி ஏறும்.
பல்லைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
பதினோரு வருடமாகப் பல்லுக் கட்டுகிறேன்.

சேசிக்கு, பக்கத்து வீட்டில் கழற்றிப் போட்ட
திரைச்சீலைத் தண்டவாளம்.
பொடிக்கு எஸ்லோன் பைப்,
நெருப்பில் வாட்டிப் பலகைக்கிடையில் நசுக்கியது.
பொனற்றை மட்டும் மூன்று தரம் கருக்கினேன்.
முன்சில்லுகளுக்குள் வீச்சுவலை மணி,
பக்கத்துக்கு நாற்பது கிராம்.
பாரம் கீழே கிடந்தால்தான் மூக்கு மேலே போகும்.
மருதமுனை லேத்தில் அச்சுக் கடைந்த றிஸ்மின்
அரை மில்லிமீட்டர் கூடிப்போச்சு என்று
காசு வாங்கவில்லை.
அந்த அரையை நான் ஒரு வாரம் அரத்தால் தேய்த்தேன்.

சாரதிக்குத் தலை வேண்டும்.
முரசு செய்கிற ரோசா அக்கிரிலிக்கில் வார்த்தேன்,
அறுகம்பையில் இறங்கிய முதல்நாள்
வெள்ளைக்காரன்போல் வந்தான்.
வாய் மூடியே இருக்கிறது.
வேலையை வீட்டுக்குக் கொண்டுவரவும்
ஓர் எல்லை உண்டு.

பெட்டிதான் வில்லங்கம்.
உழவு மெசினுக்குப் பின்னால் நெல் ஏற்றிப் போகிற
அதே பெட்டி, பத்திலொன்று.
வில்லுத் தகட்டுக்கு அளவுநாடாவை வெட்டினேன்;
முப்பத்தேழு என்ற இலக்கம்
இடது வில்லில் இன்னும் தெரிகிறது.

தாந்தாமலையில், கோயிலுக்கு இந்தப் பக்கம்
கழுவிக் கவிழ்த்த சட்டிபோல் ஒரு பாறை.
வண்டியைத் தனியே விட்டால் ஏறியது.
கொளுவிவிட்டால்
பாதியில் பெட்டி துள்ளிப் பிரண்டு
வண்டியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.
ஏழு தரம்.
கொளுவித் தடியை இரண்டு விரல் நீட்டினேன்.
எட்டாம் தரம்.

மறு ஞாயிறு
அலுமாரியின் அடித்தட்டிலிருந்து
வாங்க வராதவர்களை எடுத்துப் போனேன்.
பல்செட்டை இல்லை, அது அரச சொத்து.
வாயை அளவெடுத்து வார்த்த சாந்துத் தாடைகள்.
கழிக்கலாம் என்று கையெழுத்திட்டு
நான் கழிக்காதவை.
அடியில் பென்சிலால் பெயர்.
தெய்வானைப்பிள்ளை, கீழ்.
ஆதம்பாவா, கீழ்.
கி. ரத்தினம், மேலும் கீழும்;
கச்சான் கடிக்கலாமா என்று கேட்டவர்.
ஏன் வரவில்லை என்று நான் விசாரித்ததில்லை.
பஸ் காசாக இருக்கலாம்.
வெறும் வாய் பழகியிருக்கலாம்.

சாரதியின் கணக்கில் ஒவ்வொன்றும்
ஒரு பசளை மூட்டை.
சைக்கிள் டியூப் கீற்றால் இறுக்கிக் கட்டி
விட்டேன்.

பெட்டி பாறையில் இருந்துகொண்டது.
முன் இடது சில்லு வெடிப்பொன்றில் முட்டி
றப்பர் மடிந்து, பிடித்து,
விட்டு,
பிடித்து.
ஒரு சாண் ஏற நாலு நிமிடம்.
கச்சான் விற்கிறவள் நீட்டிய சரையை
நீட்டியபடியே வைத்திருந்தாள்.
"ஏறுதுகா" என்றாள்,
என்னிடமில்லை.

உச்சியில் ஒரு குரங்கு காத்திருந்தது.
கீற்றை இழுத்து
ரத்தினத்தின் மேல்தாடையை எடுத்துத் திருப்பி
தன் வாயில் வைத்துப் பார்த்தது.
பொருந்தவில்லை என்ற அந்த முகத்தைக்
கிழமைக்கு ஐந்து நாள் பார்க்கிறேன் நான்.
கொஞ்சம் ராவித் தருகிறேன் என்று
வாய்வரைக்கும் வந்துவிட்டது.
மறுகா, அது தாடையோடு மரத்துக்குப் போயிற்று.

இறக்கம் பின்பக்கமாக.
பெட்டி வலத்தால் போக
ஸ்டியரிங்கை இடத்தால் திருப்பவேண்டும்;
விரல் கற்றுக்கொண்ட பிறகும்
புத்தி எதிர்த்து நின்றது.
பாதி வழியில் பற்றரி சிவப்புக் காட்டிற்று.

ஒரு கையில் வண்டி, மறுகையில் பெட்டி,
சாரதி தலைகீழாக.
ஒரு பக்கம் சரிந்தே வந்தது பெட்டி.
அடுத்த ஞாயிறு வலது மூலையில்
நூறு கிராம் ஈயம் வைக்கவேண்டும்.