எலி

ஆறாம் மாடி. லிஃப்ட் வேலையில்லை.
வாசல் கொப்பியில் பெயரெழுதி
அடையாள அட்டையைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.
தோளில் மீற்றர், பற்றாசுக்கோல், பதினான்கு விதமான வயர்.

"படம் வருது றெக்சன்.
மழை பெய்யுது, கார் பறக்குது,
கதவு அடிச்சுச் சாத்துது,
ஆனா ஒருத்தரும் கதைக்கினமில்லை"
என்றார் குணநாயகம்.

யன்னலைத் திறந்தால் ரயில் வீட்டுக்குள் வரும்,
சாத்தினாலும் உப்பு வரும்.
வெள்ளவத்தையில் என் முதல் சந்தேகம் எப்போதும் உப்பில்தான்.
எச்.டி.எம்.ஐ. முனையைக் கழற்றித்
துடைத்தேன், ஊதினேன், திரும்பக் குத்தினேன்.
திரை கறுத்தது.
பெட்டியும் பெட்டியும் ஒன்றையொன்று விசாரித்து
நீ யார், உனக்கு எது விளங்கும் என்று கேட்டு முடிய
நீலம் வந்தது. மழை வந்தது.
ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள்.

"தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவெண்டு
அவரிட்டக் கேளுங்கோ தம்பி" என்றா தவமணி அக்கா.
அவர் நாலடி தள்ளித்தான் நிற்கிறார்.
"அரைக் கரண்டி எண்டு சொல்லும்."
சொன்னேன்.
பிறகு கரண்ட் பில்,
பிறகு லண்டன் மகள் எடுத்த கோல்.
என் ஒரு காதால் நுழைந்து வாயால் வெளியேறியது எல்லாம்.
கேபிளுக்கென்று நான் தனிக்கூலி கேட்பதில்லை.

சோதனை ஓசை போட்டேன்.
இடது ஷ்ஷ்ஷ் என்றது.
வலதும் அப்படித்தான்.
பின்னுக்கு நின்ற இரண்டும் கடலோடு சேர்ந்து இரைந்தன.
நடுவில் ஒன்றுமில்லை.
"ஐயா, சனம் கதைக்கிறது முழுக்க நடு ஸ்பீக்கராலதான்.
மற்றதெல்லாம் காத்தும் பாட்டும்."

அலுமாரிக்குப் பின்னால் வயிற்றால் ஊர்ந்தேன்.
டோர்ச் வெளிச்சத்தில் தூசி,
ஒரு சட்டைப் பொத்தான், இரண்டு ரூபாய்க் குத்தி,
நடு வயர் இரண்டு துண்டாய்.

எலி கடித்தால் நார் நாராய்ப் பிய்ந்திருக்கும்.
ரப்பரில் பல்லுப் பதிந்திருக்கும்.
இது ஒரே வெட்டு, சாய்வாக,
சட்டைக்குக் கழுத்து வெட்டிப் பழகின கை.
தலையைத் திருப்பினேன்.
தையல் மெசினின் கால்.
அதற்குமேல் விளிம்பில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு
கறுப்புப் பிடி போட்ட கத்தரிக்கோல்.
கீழே அக்காவின் கால்விரல்கள்.
அவை அசையவில்லை.

"என்னவாம்?" என்றார் அவர்.
"எலி."
"ஆறாம் மாடியிலையோ?"
"பைப்பால ஏறும் ஐயா."

கீழே ஒரு ரயில் போய் முடிந்தது.

"நான் போன மாசமே சொன்னனான்"
என்றா அக்கா. நேரே அவரைப் பார்த்து.
"எப்ப சொன்னனீர்?"
"சொன்னனான். நீங்கள் உதைப் போட்டிட்டு இருந்தால்
எங்க கேக்கிறது?"

நான் வயரைச் சீவினேன். முறுக்கினேன்.
ஈயம் உருகி மணந்தது.
அதற்கிடையில் அவர்கள் எலியில் தொடங்கிக்
குசினிக் குழாய்க்குப் போய்,
அங்கிருந்து யாரோ ஒருவரின் கலியாணவீட்டுக்குப் போய்,
அடைவில் கிடக்கிற சங்கிலியில் வந்து நின்றார்கள்.
அந்த மாதத்தில்தான் இந்தப் பெட்டிகள் வந்ததாம்.
படத்தில் ஒரு பெண் தெளிவாக ஏதோ சொன்னாள்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
நான்தான் சத்தத்தைக் குறைத்தேன்.

பில்லில் எழுதினேன்:
வயர் இரண்டு மீற்றர். கூலி. காரணம் எலி.
அவர் வாசிக்காமல் காசு தந்தார்.
அக்கா வாசித்தா,
நாலாய் மடித்து ஊசிப்பெட்டிக்குள் வைத்தா.

மூன்று கிழமை கழித்து
ஆமர் வீதிச் சந்தியில், ஓட்டோவுக்குள், போன்.
"தம்பி, எலி திரும்ப வந்திட்டுது."
"இண்டைக்கே வரட்டோ அக்கா?"
பின்னால் குணநாயகத்தின் குரல் யாரென்று கேட்டது.
"றெக்சன்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு
எனக்குச் சொன்னா:
"அவசரமில்லை. ஆறுதலா வாங்கோ."