கடைமடைக் கணக்கு

டி டிரைவ் சிவந்துவிட்டது.
எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறதென்று பார்த்து வை,
திங்கட்கிழமை சொல் என்று
ஜீப்பில் ஏறிவிட்டார் உதவிப் பொறியாளர்.
ஒப்பந்த ஊழியருக்கு ஞாயிறு எதற்கு.

பைத்தான் படிக்கத் தொடங்கிப் பதினோரு நாள்.
முதல் ஓட்டத்தில் பத்தொன்பது வாய்க்காலுக்கும்
ஒரே விடை: 4096.
மதகின் அகலத்தை அளந்துவிட்டு
தண்ணீரை அளந்ததாக நினைத்திருக்கிறேன்.
உள்ளே இறங்கி, கிளைக்குள் கிளையாக நடக்க
ஒரு வரி சேர்த்தேன்.

இரண்டாம் ஓட்டம்.
முதல் வாய்க்கால் மூன்று ஜிபி,
அடுத்தது ஐந்தரை,
இறங்க இறங்க ஏறிக்கொண்டே போய்
பத்தொன்பதாவது, நரிமேட்டு வாய்க்கால்,
நாற்பத்தொன்று.
தனியாகச் சிரித்தேன்.
தலைமடையைவிடக் கடைமடைக்கு அதிகம் வந்ததென்றால்
மன்னார்குடியில் யார் நம்புவார்?

தேடினால், மொத்தம் = 0 என்ற வரி
லூப்புக்கு வெளியே நிற்கிறது.
ஒருவர் முறை முடிந்தும் மடையை அடைக்காமல்
அவர் நீரையும் அடுத்தவர் பேரில் எழுதியிருக்கிறேன்.
நான்கு இடம் தள்ளி உள்ளே வைத்தேன்.
இப்போது நரிமேட்டுக்கு அரை ஜிபிகூட இல்லை.
இதுதான் நம்ம ஊர்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
கை சும்மா இராமல் உள் ஃபோல்டர்களையும் கேட்டேன்.
தூர்வாரும் முன்: 21,47,30,918 பைட்.
தூர்வாரிய பின்: 21,47,30,918 பைட்.

இன்னும் பிழை இருக்கிறது.
பழைய எண் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.
வரிக்கு வரி பிரிண்ட் வைத்தேன்.
பெயரை மாற்றி ஓட்டினேன்.
முறுக்குப் பாக்கெட்டின் முதுகில்
ஒவ்வொரு படமாகக் கையால் கூட்டினேன்;
நடுவில் மின்சாரம் போய் வந்தது.
ஒரு பைட் நகரவில்லை.

பிறகுதான் படங்களைத் திறக்கத் தோன்றியது.
முன்: கரைமுட்ட ஆகாயத்தாமரை,
மதகுக் கட்டையில் ஒரு கொக்கு,
ஒற்றைக் காலைத் தூக்கியபடி.
பின்: ஆகாயத்தாமரை.
கொக்கு இன்னும்
காலைக் கீழே வைக்கவில்லை.

ஸ்கிரிப்ட் சரியாகத்தான் இருக்கிறது.

நாளை கேட்பார், எதை அழிக்கலாம் என்று.
ஒரே படம் இரண்டு இடத்தில் கிடந்தால்
ஒன்றை அழித்துவிடலாம் சார், என்பேன்.
எந்த ஒன்றை என்று
அவர் வாயால் கேட்கட்டும்.