புள்ளிக்கு முன் ஒரு பூச்சியம்

காலை ஆறு மணிக்குப் பெறுபேறு வரும் என்றார்கள்.
ஆறு மணிக்கு நான்
பதினான்காம் அறைக் கிழவரின்
படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.
காற்சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது,
தும்மலை அடக்குகிற மாதிரி.

விரிப்பின் நாலு மூலையையும் இழுத்துச் செருகி
தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்ட நகர்த்தி
துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.
உலர்த்தியிலிருந்து வந்த துவாய்களின் சூடு.

உடற்றொழிலியல்: அறுபத்தொன்று.
மருந்தியல்: நாற்பத்தேழு.
பக்கத்தில் ஓர் எழுத்து, எஸ்.

அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.
எங்கள் ஏ.எல். சோதனையில் எஸ் என்றால் சாதாரண சித்தி.
இரசாயனவியலுக்கு எனக்கு அதுதான் வந்தது;
அதற்கும் அயலட்டைக்கு ரொபி கொடுத்தோம்.
பிறகு அடிக்குறிப்பைப் பெருப்பித்து வாசித்தேன்.
இங்கே எஸ் என்றால்
இன்னும் முடியவில்லை.

"பிழையாத் திருத்தியிருப்பாங்கள், விடாதை, கேள்"
என்றார் ரமணீதரன், துங்காபி ஸ்டேஷனில் காரை நிறுத்தி.
கூடப் படிக்கிற பிரஜினாவும் அதையே சொன்னாள்:
மறுதிருத்தத்துக்குப் பத்து நாள் இருக்கு,
உருக்கமாய் ஒரு கடிதம் எழுது, நைட் டியூட்டியைச் சொல்லு.
எழுதினேன். ஒன்றரைப் பக்கம்.
முப்பத்தொன்பது வயது, இரண்டு வேலை,
மூன்றாம் மொழியில் படிப்பு எல்லாம் அதில் இருந்தன.

தாளைப் பார்க்கலாம் என்று பரமட்டாவுக்கு வரச்சொன்னார்கள்.
ஜன்னல் இல்லாத அறை. பேனை திறக்கக் கூடாது.
மொத்தம் அறுபத்தாறு எடுத்திருந்தேன்.
ஆனால் மருந்துக் கணக்கில் பத்துக்குப் பத்து வேண்டுமாம்;
ஒன்பது என்றால் நாற்பத்தேழில் பூட்டிவிடுவார்கள்.
இது அநியாயம் என்று வாய் திறந்தபோது
ஏழாம் கேள்வி கண்ணில் பட்டது.

என்னுடைய கையெழுத்துத்தான்.
அரை மில்லிலீற்றர் என்பதைப்
பூச்சியம் போடாமல், வெறும் புள்ளியும் ஐந்துமாக எழுதி,
அடுத்த வரியில் அந்தப் புள்ளியை
நானே தூசி என்று நினைத்திருக்கிறேன்.
விடை: ஐந்து.

அந்தக் கேள்வியில் ஓர் ஆள் இருந்தார்.
பெயர் கொடுக்கவில்லை. வயது எண்பத்திரண்டு,
எடை ஐம்பத்துநான்கு கிலோ.
சித்திரை வெயிலில் எறும்பு நசிவது போலச்
சத்தமில்லாமல்
அவரைக் கொன்றுவிட்டு
எட்டாம் கேள்விக்குப் போயிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மார்க்கையும் புள்ளி என்றுதான் சொல்வோம்.
எத்தனை புள்ளி, எத்தனை புள்ளி என்று
பிள்ளைகளைத் துளைப்போம்.
எனக்குக் குறைந்தது ஒன்று.
அது எங்கே விழுந்தது என்றும் தெரிந்துவிட்டது.

கடிதத்தை ரயிலில் நாலாக மடித்தேன்.
வெளியே நாற்பது பாகை வெயில், சிள்வண்டுகளின் அலறல்.

தை பதினான்கு, பொங்கலன்று, மறுசோதனை.
தப்பினால் மாசியில் வெஸ்ட்மீட் வார்ட்டில் பயிற்சி.
தவறினால் ஒரு வருடம், இன்னொரு கடன்.
பால் பொங்குகிற நேரத்தில் நான் பரமட்டாவில் இருப்பேன்.
"திரும்பவும் பூச்சியத்தில இருந்தோ?" என்கிறார் இவர்,
கேலியும் கவலையுமாக, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு.
ஓம் என்றேன். வேறென்ன சொல்ல.

இரவு மருந்து வண்டிலை மாரிசெல் தள்ளி வருகிறாள்.
எனக்கு மருந்து தொட அனுமதியில்லை;
டோர்ச் பிடிக்கலாம்.
அவள் படிவத்தில் எழுதுகிறாள்,
முதலில் பூச்சியம், வட்டமாக, அவசரமில்லாமல்,
பிறகு புள்ளி, பிறகு ஐந்து.
நழுவும் தலைக்கு
ஒரு தலையணை வைத்தது மாதிரி.

பதினான்காம் அறைக்காரரின் எடையைக்
கோப்பில் பார்த்தேன். ஐம்பத்தாறு.
இரண்டு கிலோதான் வித்தியாசம்.

"என்ன பார்க்கிறாய்?" என்றார், கண்ணைத் திறக்காமல்.
ஒன்றுமில்லை என்று
வெளிச்சத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தேன்.